பூட்டிய பப், திறக்கும் பப்: பெருந்தொற்றுக்குப் பிறகு பங்கு வாங்கப் போகிறவர்களுக்கு

2021 ஏப்ரல் 12, திங்கட்கிழமை. லண்டனில் அன்று காலை பனி பெய்தது. டிசம்பர் நடுவிலிருந்து பூட்டிக் கிடந்த பப்கள் அன்றைக்குத்தான் திறந்தன, அதுவும் வெளியே தோட்டத்தில் மட்டும். எங்கள் தெருமுனைப் பப்பில் குளிர்கோட்டைக் கழற்றாமல், கையுறையோடு கிளாஸைப் பிடித்துக்கொண்டு நாலைந்து பேர் பீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். மேசை ஓரத்தில் பனி இன்னும் கரையவில்லை. நான் வேலியோரம் நின்று அலைபேசியில் பங்கு விலையைப் பார்த்தேன். என்னிடம் ஒரு பப் கம்பெனியின் பங்கு இருந்தது. கடை திறக்கும் நாளில் விலை துள்ளும் என்று நம்பியிருந்தேன். அது அசையவே இல்லை.

ஏன் அசையவில்லை என்று புரிந்துகொள்ள எனக்கு ஒரு வருடம் ஆனது. அந்த ஒரு வருடத்தை உங்களுக்கு மிச்சம் பிடித்துத் தரத்தான் இதை எழுதுகிறேன். நான் முதலீட்டு ஆலோசகன் அல்ல. இங்கே பிரிட்டனில் கம்பெனிகளுக்குச் சம்பளக் கணக்குப் போடுகிறவன். கொரோனா காலத்தில் ஹோட்டல், உணவகம், பப் ஊழியர்களுக்கான அரசு உதவிப் பணத்தைக் கணக்கிட்டு விண்ணப்பித்ததில் கற்றது கொஞ்சம், சொந்தக் காசை விட்டதில் கற்றது மீதி. எல்லா உதாரணங்களும் பிரிட்டனைச் சேர்ந்தவை. சந்தையில் வாங்கக்கூடிய பப் கம்பெனிகள் இத்தனை இருப்பது இங்கேதான்.

முதலில், கம்பெனி எதில் சம்பாதிக்கிறது என்று பாருங்கள்

பப் என்றதும் டாஸ்மாக் பாரை நினைத்துக்கொள்ள வேண்டாம். ஞாயிறு மதியம் பாட்டியும் பேரனும் சேர்ந்து ரோஸ்ட் சாப்பிடப் போகும் இடம் அது. சில கம்பெனிகளுக்குச் சாப்பாட்டில் நல்ல வருமானம், சிலவற்றுக்குக் குடியில்தான் எல்லாம். சாதாரண நாளில் இது பெரிய வித்தியாசமாகத் தெரியாது. தொற்றுக் காலத்தில் கம்பெனியின் தலையெழுத்தே இதில் இருந்தது. 2020 டிசம்பரில் இங்கிலாந்தின் பல பகுதிகளில் ஒரு விதி வந்தது: முழுச் சாப்பாட்டோடு மட்டுமே மது பரிமாறலாம். அவித்த முட்டையை இறைச்சியில் பொதிந்து பொரிக்கும் 'ஸ்காட்ச் எக்' முழுச் சாப்பாடா இல்லையா என்று அமைச்சர்களே ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். சமையலறை உள்ள பப் திறந்தது. சிப்ஸும் கடலையும் மட்டும் விற்ற பப் பூட்டியே கிடந்தது.

அடுத்து, பப்பை நடத்துவது யார்? கம்பெனியே மேலாளரையும் ஊழியரையும் வைத்து நடத்தினால் வரவு முழுக்க அதற்கு, செலவும் முழுக்க அதற்கு. வாடகைக்காரரிடம் கொடுத்திருந்தால் கம்பெனிக்கு வருவது வாடகையும், அவருக்குப் பீர் விற்பதில் கிடைக்கும் லாபமும். பூட்டிய மாதங்களில் முதல் வகைக்குப் பணம் வெளியே ஓடும். இரண்டாவது வகையில் செலவு குறைவுதான், ஆனால் வாடகைக்காரர் திவாலானால் பப்பே காலி என்பதால் வாடகையைக் குறைத்தோ தள்ளுபடி செய்தோ ஆக வேண்டும்.

தெருவில் பெயர்ப்பலகை பெரிதாக இருப்பதால் பங்கு கிடைத்துவிடும் என்றும் நினைக்காதீர்கள். கிரீன் கிங்கை 2019-இல் ஹாங்காங்கின் லி கா-ஷிங் குடும்பக் கம்பெனி வாங்கி, சந்தையிலிருந்து எடுத்துவிட்டது. ஈஐ குரூப்பை ஸ்டோன்கேட் பங்குக்கு 285 பென்ஸ் (100 பென்ஸ் ஒரு பவுண்ட்) கொடுத்து வாங்கி முடித்தது 2020 மார்ச் ஆரம்பத்தில். நாட்டின் பப்களையெல்லாம் அரசு பூட்டச் சொன்னது அதே மார்ச் 20-ஆம் தேதி. ஈஐ பங்குதாரர்களுக்கு அடித்த அதிர்ஷ்டத்தை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பொறாமைதான்.

தொற்றுக் காலத்தில் சந்தையில் இருந்த முக்கியமான பெயர்கள்: மலிவு விலைக்குப் பேர்போன ஜே.டி. வெதர்ஸ்பூன், ஹார்வெஸ்டர், டோபி கார்வரி, ஆல் பார் ஒன் கடைகளை நடத்தும் மிட்செல்ஸ் அண்ட் பட்லர்ஸ், வுல்வர்ஹாம்டனின் மார்ஸ்டன்ஸ், லண்டனின் ஃபுல்லர்ஸ், யங்ஸ். இவை தவிர இன்னும் சில சிறிய கம்பெனிகள்.

தேதிகளை ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் விலையையும் எழுதுங்கள்

இதை நீங்களே உட்கார்ந்து செய்தால்தான் உறைக்கும். இங்கிலாந்தில் நடந்த வரிசை இது. 2020 மார்ச் 20 வெள்ளி இரவு எல்லாம் மூடல். ஜூலை 4 திறப்பு. ஆகஸ்டில் திங்கள் முதல் புதன் வரை சாப்பாட்டுக்கு அரசே பாதி விலை தந்தது, ஆளுக்கு 10 பவுண்ட் வரை, மதுவுக்குக் கிடையாது. செப்டம்பர் 24 முதல் இரவு 10 மணிக்குக் கடை மூடவேண்டும். நவம்பர் 5 மறுபடி பூட்டு. டிசம்பரில் பகுதிக்கு ஒரு விதி. ஜனவரியில் மூன்றாவது நாடளாவிய பூட்டு. 2021 ஏப்ரல் 12 வெளியே, மே 17 உள்ளே, கடைசியாக ஜூலை 19-இல் எல்லாத் தடையும் நீக்கம். ஜூன் 21 என்று முதலில் சொல்லி, நாலு வாரம் தள்ளிப்போட்டார்கள். அந்த டிசம்பரில் ஒமைக்ரான் வந்து கிறிஸ்துமஸ் விருந்துகளைக் கலைத்தது.

பப் பங்குகள் மிகப் பெரிதாகத் துள்ளிய நாள் இவற்றில் எது? எதுவுமே இல்லை. அது 2020 நவம்பர் 9. ஃபைசர் தன் தடுப்பூசி வேலை செய்கிறது என்று அறிவித்த திங்கட்கிழமை. அன்று இங்கிலாந்தில் ஒரு பப்கூடத் திறந்திருக்கவில்லை. கதவு பூட்டியிருந்தபோது ஏறிய விலை, கதவு திறந்தபோது ஏன் ஏறவேண்டும்? திறக்கும் தேதி ஏழு வாரம் முன்பே, பிப்ரவரி 22-ஆம் தேதியே, எல்லோருக்கும் தெரியும். ஊருக்கே தெரிந்த சேதிக்கு யாரும் புதிதாகக் காசு கொடுக்கமாட்டார்கள். வேலியோரம் நின்ற எனக்கு மட்டும் அது உறைக்கவில்லை.

ஆகவே புதியவருக்கு என் முதல் விதி: கதவு திறக்கும் தேதியை நம்பி வாங்காதீர்கள். அந்தத் தேதி அறிவிக்கப்பட்ட நாளிலேயே நீங்கள் தாமதம். தேதியை விட்டுவிட்டு, கம்பெனியின் கணக்கில் வேலை செய்யுங்கள். அங்கேதான் சின்ன முதலீட்டாளருக்கு இடம் இருக்கிறது.

கையில் எத்தனை மாதக் காசு?

பப் தொழிலில் ஒரு விசித்திரம். வாடிக்கையாளர் அந்த நிமிடமே காசு கொடுத்துவிடுவார், பீர் கம்பெனிக்கோ ஒரு மாதம், ஒன்றரை மாதம் கழித்துக் கொடுத்தால் போதும். நல்ல காலத்தில் இந்த இடைவெளிப் பணத்திலேயே தொழில் ஓடும். திடீரென்று பூட்டினால் எல்லாம் தலைகீழ். வரவு அன்றே நின்றுவிடும், போன மாதம் வாங்கிய பீருக்கான பில்கள் வரிசையாக வந்து நிற்கும். அதனால் முதல் இரண்டு மாதம் கம்பெனியிலிருந்து பணம் ஆறாக ஓடும். திறந்த பிறகு அதே ஆறு திரும்பி உள்ளே வரும். திறந்த முதல் காலாண்டில் 'கடன் வேகமாகக் குறைந்தது' என்று கம்பெனி பெருமையாகச் சொன்னால் அதில் ஒரு பங்கு இதுதான். லாபம் என்று எண்ணிவிடாதீர்கள்.

கணக்கு எளிது. கையிருப்பையும் வங்கி தரச் சம்மதித்து இன்னும் எடுக்காத கடனையும் கூட்டுங்கள். பூட்டிய நிலையில் மாதம் எவ்வளவு செலவாகிறது என்று கம்பெனி அறிக்கையில் சொல்லியிருக்கும், அதால் வகுங்கள். உதாரணமாக, கையிருப்பும் கடன் வசதியும் சேர்த்து 12 கோடி பவுண்ட், மாதச் செலவு 1.5 கோடி என்றால், எட்டு மாதம் தாங்கும். பூட்டு எட்டு மாதத்துக்கு மேல் நீளாது என்று உங்களால் அடித்துச் சொல்ல முடியுமா? 2020 மார்ச்சில் மூன்று வாரம் என்று நினைத்தவர்களை எனக்குத் தெரியும்.

'எல்லோருக்கும் அரசுதானே சம்பளம் கொடுத்தது?' என்று கேட்பார்கள். ஊழியர் சம்பளத்தில் 80 சதவீதம், மாதம் 2,500 பவுண்ட் உச்சவரம்போடு அரசு கொடுத்தது உண்மை. ஆனால் 2020 ஆகஸ்ட் முதல் முதலாளி செலுத்தவேண்டிய தேசியக் காப்பீடும் ஓய்வூதியப் பங்கும் கம்பெனியின் தலையில்தான். ஆயிரக்கணக்கான ஊழியர் உள்ள கம்பெனிக்கு அது சின்னத் தொகை அல்ல. கடையில் ஒரு பீர்கூட விற்காத மாதத்திலும் அந்த வரிகளை நான் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன்.

ஆண்டறிக்கையில் தணிக்கையாளர் எழுதும் பகுதியையும் தேடிப் படியுங்கள். கம்பெனி தொடர்ந்து இயங்குமா என்பதில் 'கணிசமான நிச்சயமின்மை' இருக்கிறது என்று எழுதியிருந்தால் உடனே ஓடவேண்டியதில்லை, தொற்றுக் காலத்தில் பல கம்பெனிகளுக்கு அப்படி எழுதினார்கள். ஆனால் எதை நம்பி அந்த நிச்சயமின்மை தீரும் என்கிறார்கள், வங்கி நிபந்தனைகளைத் தளர்த்துவதையா, புதுப் பங்கு விற்பதையா, என்று பாருங்கள். இரண்டாவது என்றால் அந்தச் செலவு உங்களுடையது.

கட்டடம் யாருடையது?

இங்கிலாந்தில் கடை வாடகை பழைய வழக்கப்படி காலாண்டுக்கு ஒருமுறை, முன்கூட்டியே: மார்ச் 25, ஜூன் 24, செப்டம்பர் 29, டிசம்பர் 25. பப்களைப் பூட்டியது மார்ச் 20. ஐந்தே நாளில் மூன்று மாத வாடகை! பாக்கிக்காகக் குத்தகைதாரரை வெளியேற்றக்கூடாது என்று அரசு தடுத்ததே தவிர, வாடகையைத் தள்ளுபடி செய்யவில்லை. அது கடனாகக் குவிந்தது.

சொந்தக் கட்டடம் அதிகம் உள்ள கம்பெனிக்கு இந்தத் தலைவலி குறைவு. முடை வந்தால் சில பப்களை விற்கலாம், அடமானம் வைக்கலாம். ஃபுல்லர்ஸும் யங்ஸும் பெரும்பாலும் சொந்தக் கட்டடக்காரர்கள். வெதர்ஸ்பூன் குத்தகையில் வளர்ந்த கம்பெனி, ஆனால் தொற்றுக்கு முந்தைய பத்தாண்டில் குத்தகை பப்களின் கட்டடங்களை ஒவ்வொன்றாக வாங்கிப் பாதிக்கு மேல் சொந்தமாக்கிக்கொண்டது. சொந்தம் என்றாலும் கடனுக்கு ஈடாக வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். மிட்செல்ஸ் அண்ட் பட்லர்ஸ், மார்ஸ்டன்ஸ் இரண்டும் பப்களை ஈடாக வைத்து நீண்டகாலக் கடன் பத்திரம் போட்டவை. வருமானம் வந்தாலும் வராவிட்டாலும் தவணை நாள் வந்துகொண்டே இருக்கும். வட்டி நிலையாக இருப்பது பின்னாளில், 2022-இல் வட்டி விகிதம் ஏறியபோது, நன்மையாகவும் அமைந்தது. பூட்டிய மாதங்களில் அதுவே கழுத்தை நெரித்தது.

'பழைய விலைக்குத் திரும்பும்' என்ற கனவு

இங்கே கொஞ்சம் நின்று படியுங்கள். நான் காசு விட்ட இடம் இது.

தொற்றுக்கு முன் 1,600 பென்ஸ், இப்போது 800, ஆகவே இரட்டிப்பு நிச்சயம் என்று நான் நினைத்தேன். நண்பர்களிடமும் சொன்னேன், அவர்களில் ஒருவர் இன்னும் என்னை அதற்காகக் கிண்டல் செய்கிறார். தப்பு எங்கே? பூட்டுக்குப் போன கம்பெனியும் பூட்டிலிருந்து வந்த கம்பெனியும் ஒன்றல்ல. கடன் கூடியிருக்கிறது. பங்கு எண்ணிக்கை கூடியிருக்கிறது.

ஒரு கற்பனைக் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். 10 கோடிப் பங்குகள், விலை 10 பவுண்ட், ஆக பங்குகளின் மதிப்பு 100 கோடி பவுண்ட். கடன் 80 கோடி. மொத்தத் தொழிலின் மதிப்பு 180 கோடி. தொற்று முடிந்தபோது கடன் 90 கோடி, பங்குகள் 12.3 கோடி என்று வையுங்கள். தொழிலின் மதிப்பு ஒரு பைசா குறையாமல் 180 கோடிக்கே திரும்பிவிட்டாலும், கடன் போக மிச்சம் 90 கோடி. அதை 12.3 கோடிப் பங்குகளுக்குப் பிரித்தால் ஒரு பங்குக்கு சுமார் 7.32 பவுண்ட். எல்லாம் பழையபடி ஆன பிறகும் விலை 27 சதவீதம் குறைவு. இந்த எண்ணைப் போட்டுப் பார்க்காமல் வாங்கவே வாங்காதீர்கள்.

12.3 என்று வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. வெதர்ஸ்பூன் 2020 ஏப்ரலில் பங்கு 900 பென்ஸுக்கு விற்று 14.1 கோடி பவுண்ட் திரட்டியது, 2021 ஜனவரியில் 1,120 பென்ஸுக்கு விற்று இன்னொரு 9.37 கோடி. இரண்டும் சேர்ந்து பங்கு எண்ணிக்கை ஏறக்குறைய 23 சதவீதம் கூடிற்று. நல்ல விலையில் விற்றார்கள் என்பதால் அவர்களைப் பாராட்டவும் வேண்டும். இக்கட்டில் அடிமாட்டு விலைக்கு விற்ற கம்பெனிகளில் பழைய பங்குதாரர் இதைவிடக் கரைந்துபோனார்.

மிட்செல்ஸ் அண்ட் பட்லர்ஸ் வேறு வழியில் போனது. 2021-இன் தொடக்கத்தில், வைத்திருக்கும் ஒவ்வொரு 18 பங்குக்கும் 7 புதுப் பங்கு, தலா 210 பென்ஸ் என்று பழைய பங்குதாரர்களுக்கே கொடுத்து 35.1 கோடி பவுண்ட் திரட்டியது. சந்தை விலை அப்போது 300-க்கு மேல். கணக்குக்காக 320 என்று வைத்தால், 18 பழைய பங்கின் மதிப்பு 5,760, ஏழு புதுப் பங்கு 1,470, மொத்தம் 7,230 பென்ஸ். அதை 25-ஆல் வகுத்தால் 289. மலிவாகக் கிடைத்தது என்று மகிழ வேண்டாம், கை இடமிருந்து வலத்துக்கு மாறியது அவ்வளவுதான். ஆனால் வாங்காமல் விட்டவருக்கு நிஜமான நஷ்டம்: அவருடைய 320 பென்ஸ் பங்கு 289-ஐ நோக்கி இறங்கும், பதிலுக்கு ஒன்றும் வராது.

இங்கே ஒரு நுணுக்கம். உரிமைப் பங்கு வெளியீடு என்றால், வாங்க விரும்பாதவர் அந்த உரிமையைச் சந்தையில் விற்றுக் கொஞ்சம் காசாவது பார்க்கலாம். மேலே சொன்னது அப்படியல்ல, 'ஓப்பன் ஆஃபர்' வகை. அதில் உரிமையை விற்க முடியாது, நாள் தவறினால் போயிற்று. இன்னொன்று, கம்பெனி சொல்லும் கடைசி நாளைவிட உங்கள் புரோக்கர் சொல்லும் கடைசி நாள் சில நாட்கள் முன்னால் இருக்கும். என் புரோக்கரின் அறிவிப்பு வலைத்தளத்தின் ஏதோ ஒரு மூலையில், 'ஆவணங்கள்' என்ற தலைப்புக்குக் கீழே கிடந்தது. நான் பார்த்தபோது அவர்களுடைய நாள் முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது, கம்பெனியின் நாளுக்கு இன்னும் ஒரு நாள் பாக்கி இருந்தும். தொலைபேசியில் மன்றாடிப் பார்த்தேன். பயனில்லை. அறிவிப்புகள் மின்னஞ்சலுக்கு வரும்படி கணக்கில் இன்றே மாற்றிவையுங்கள்.

நிறுவன முதலீட்டாளர்களுக்கு ஒரே இரவில் விற்கும் 'பிளேசிங்' முறையில் சிறியவர்களுக்குப் பெரும்பாலும் அழைப்பே வராது. காலையில் எழுந்து செய்தி படிக்கும்போது உங்கள் பங்கு ஏற்கெனவே நீர்த்திருக்கும்.

பழைய விலையைப் பிடித்துக்கொண்டு தொங்கியதற்கு மார்ஸ்டன்ஸ் இன்னொரு பாடம். 2021 ஜனவரியில் அமெரிக்காவின் பிளாட்டினம் ஈக்விட்டி அதற்குப் பங்குக்கு 105 பென்ஸ் தருவதாக வந்தது. மதிப்பைக் குறைத்துக் கேட்கிறார்கள் என்று இயக்குநர் குழு மறுத்தது, பங்குதாரர் பலரும் சரிதான் என்றார்கள். 2023-இன் இறுதியில் அந்தப் பங்கு 30 பென்ஸ் சுற்றுவட்டாரத்தில் கிடந்தது.

விற்பனை திரும்பும், லாபம் திரும்புமா?

வெதர்ஸ்பூனின் எண்களையே பாருங்கள், எல்லாவற்றையும் அவை சொல்லிவிடும். 2019 ஜூலையில் முடிந்த ஆண்டில் விற்பனை சுமார் 182 கோடி பவுண்ட், ஒருமுறைச் செலவுகள் நீக்கி வரிக்கு முந்தைய லாபம் 10.25 கோடி. அடுத்த ஆண்டு 3.41 கோடி நஷ்டம், அதற்கடுத்த ஆண்டு 15.47 கோடி நஷ்டம். 2023-இல் விற்பனை 192.5 கோடியைத் தொட்டது, பழையதைத் தாண்டிவிட்டது. லாபம்? 4.26 கோடி. கூட்டம் நிரம்பி வழிந்த கடையில் பழைய லாபத்தில் பாதிகூட இல்லை.

காரணம் செலவு. பெரியவர்களுக்கான குறைந்தபட்சக் கூலி 2020 ஏப்ரலில் மணிக்கு 8.72 பவுண்ட், 2022-இல் 9.50, 2023-இல் 10.42, 2024-இல் 11.44. 2022-இல் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தபின் எரிவாயு, மின்சாரக் கட்டணம் பறந்தது. வீடுகளுக்கு இருந்த விலை உச்சவரம்பு பப்களுக்குக் கிடையாது. 2021 வசந்தத்தில் 1,300 பென்ஸுக்கு மேல் இருந்த வெதர்ஸ்பூன் பங்கு 2022 அக்டோபரில் 500-க்குக் கீழே போனது. வைரஸ் போனபின் வந்த வீழ்ச்சி இது.

அரசு உதவிகள் எப்போது நிற்கும் என்றும் குறித்துவையுங்கள். சாப்பாட்டுக்கும் மது அல்லாத பானத்துக்கும் மதிப்புக் கூட்டு வரியை 20-லிருந்து 5 சதவீதமாகக் குறைத்தார்கள். 2021 அக்டோபரில் அது 12.5 ஆனது, 2022 ஏப்ரலில் மறுபடி 20. ஊழியர் சம்பள உதவி 2021 செப்டம்பர் 30-உடன் முடிந்தது. இந்த உதவிகள் இருந்த ஆறு மாதத்தின் லாபத்தை இரண்டால் பெருக்கி 'வருட லாபம்' என்று போட்டவர்கள் ஏமாந்தார்கள்.

போய் ஒரு பைண்ட் குடியுங்கள்

குடிக்காதவர் லெமனேட் குடிக்கலாம். பங்கு வாங்குமுன் அந்தக் கம்பெனியின் பப்கள் மூன்று நாலுக்காவது போங்கள், ஒன்று நகர மையத்தில், ஒன்று புறநகரில். தோட்டம் இருக்கிறதா, எத்தனை மேசை? 2021 ஏப்ரல் திறப்புக்கு வெதர்ஸ்பூன் தன் 870 சொச்சம் பப்களில் 394-ஐத்தான் திறக்கப்போவதாக அறிவித்தது, காரணம் இடம். லண்டன் நகர மையத்தில் அலுவலகங்கள் காலியாக இருந்ததால் அங்கே வியாழன் மாலைக் கூட்டம் காணாமல் போனது. புறநகரில் வீட்டிலிருந்து வேலை செய்தவர்கள் அதே மாலை நடந்து வந்தார்கள். செவ்வாய் மதியம் போனால் உண்மை தெரியும், வெள்ளி இரவு எல்லாப் பப்பும் நன்றாகத்தான் இருக்கும். நான் கவனிக்கும் இன்னொன்று, மாடியோ ஒரு பக்கமோ ஆள் இல்லாமல் மூடி வைத்திருக்கிறார்களா என்பது. ஊழியர் தட்டுப்பாடு அறிக்கையில் வருவதற்கு மூன்று மாதம் முன்பே அங்கே தெரிந்துவிடும்.

வாங்கும் வழி

பிரிட்டனில் இருப்பவர்கள் ஐசா கணக்கில் வாங்குங்கள். வரி ஆண்டுக்கு 20,000 பவுண்ட் வரை போடலாம், லாபத்துக்கும் டிவிடெண்டுக்கும் (கம்பெனி பங்குதாரருக்குப் பிரித்துத் தரும் லாபம்) வரி இல்லை. லண்டன் முதன்மைச் சந்தைப் பங்குக்கு வாங்கும்போது 0.5 சதவீத முத்திரை வரி உண்டு, சிறு கம்பெனிகளுக்கான ஏஐஎம் சந்தையில் கிடையாது. யங்ஸ் அந்நாளில் ஏஐஎம்மில் இருந்தது, ஓட்டுரிமை உள்ளது இல்லாதது என்று இரண்டு வகைப் பங்கோடு. சின்னப் பங்குகளில் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி பெரிது. வாங்கின நிமிடமே மூன்று நாலு சதவீதம் நஷ்டத்தில் நிற்பீர்கள். இந்தியாவிலிருந்து வாங்குகிறவர்களுக்கு ரிசர்வ் வங்கியின் தாராளப் பணம் அனுப்பும் திட்டத்தின்கீழ் ஆண்டுக்கு 2.5 லட்சம் டாலர் வரம்பு, அத்தோடு ரூபாய்–பவுண்ட் மாற்றமும் சேர்ந்த சூதாட்டம். ஐயாயிரம், பத்தாயிரம் ரூபாய்க்கு இது கட்டுப்படியாகாது.

லண்டனில் பங்கு விலை பென்ஸில்தான் காட்டுவார்கள், பவுண்டில் அல்ல. என் மனைவியின் தம்பி முதல் தடவை வாங்கும்போது திரையில் 210 என்று பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தான்.

"மாமா, ஒரு ஷேர் இருநூத்திப் பத்து பவுண்டா? ரெண்டாயிரத்துக்கு ஒம்போதுதான் வரும் போல."

நான் மீட்டிங்கில் இருந்தேன், 'அப்புறம் பேசுறேன்' என்று வைத்துவிட்டேன். அவன் ஒன்பது பங்குக்கு ஆர்டர் போட்டுவிட்டான். ஒன்பது பங்கின் விலை 18 பவுண்ட் 90 பென்ஸ். புரோக்கர் கமிஷன் 11 பவுண்ட் 95. இன்றுவரை அந்த ஒன்பதையும் விற்காமல் வைத்திருக்கிறான். விற்றால் இன்னொரு 11.95 போகுமே.

சந்தை திறந்த முதல் பத்து நிமிடம் ஆர்டர் போடாதீர்கள். விலை வரம்பு குறித்தே போடுங்கள். ஒதுக்கிய பணம் முழுவதையும் ஒரே நாளில் இறக்காமல் மூன்றாகப் பிரியுங்கள், ஒரு பாகமாவது அரையாண்டு அறிக்கை வந்தபிறகு. வெதர்ஸ்பூனுக்கு நிதியாண்டு ஜூலை இறுதியில் முடியும். மிட்செல்ஸ், மார்ஸ்டன்ஸ் இரண்டுக்கும் செப்டம்பர் இறுதி, ஃபுல்லர்ஸுக்கும் யங்ஸுக்கும் மார்ச் இறுதி. ஒன்றின் அறிக்கையை வைத்து மற்றதை ஒப்பிடும்போது அந்த மாதங்களில் பப் திறந்திருந்ததா பூட்டியிருந்ததா என்று உங்கள் தேதித் தாளைப் பாருங்கள். டிவிடெண்டை எதிர்பார்த்து வாங்காதீர்கள். வெதர்ஸ்பூன் தொற்றோடு நிறுத்திய டிவிடெண்டை 2024-இல்தான் மறுபடி அறிவித்தது, பங்குக்கு 12 பென்ஸ்.

எப்போது விற்பது

வாங்கும் அன்றே எழுதிவையுங்கள்: எந்த விலையில், எந்தக் காரணத்துக்கு விற்பேன் என்று. விலை ஏறிக்கொண்டிருக்கும்போது யாருக்கும் புத்தி நிதானமாக இருக்காது. மேலே போட்ட கணக்கில் வந்த எண், கடன் போக, புதுப் பங்கு சேர்த்து, அதுதான் உங்கள் இலக்கு. அதைத் தொட்டால் பாதியையாவது விற்றுவிடுங்கள். அரசு உதவி நிற்கும் தேதிக்கு ஒரு மாதம் முன் மறுபடி எல்லாக் கணக்கையும் போடுங்கள். கம்பெனி இரண்டாவது தடவை பங்கு விற்றுப் பணம் திரட்டினால், ஏன் முதல் தடவை போதவில்லை என்று கேளுங்கள். பதில் தெளிவாக இல்லையென்றால் வெளியேறுங்கள்.

நான் என் குறிப்பேட்டில் எழுதிவைத்த விலை 2021 மார்ச்சில் வந்தது. எழுதியபடி பாதியை விற்றேன், நல்ல லாபம். ஏப்ரல் 12-இல் கதவு திறக்குமே என்று மீதியை வைத்துக்கொண்டேன். அந்த மீதி இன்னும் என் ஐசா கணக்கில் இருக்கிறது, வாங்கிய விலைக்குக் கீழே.